நீ ஓடவிட்டுப் போன கண்ணாடிக் குழல்

இன்று ஆய்வகத்தில் புதிய ஜெல் பாட்டிலைத் திறந்தேன். கெடாமலிருக்க அதில் ஊற்றியிருந்த சாராயத்தின் வாடை மூக்கில் ஏறியதும், பக்கத்தில் நீ நிற்பதுபோல, என்னையறியாமல் நகர்ந்து இடம் விட்டேன்.

ஒன்றாக ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் நாம். நான் மதுராந்தகம், நீ மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பம். வலையை உதறும்போது சொறிமீன் என்கிற ஜெல்லிமீன் தெறித்து உன் அப்பாவுக்கு ஒரு கண் போயிருந்தது. "எங்கப்பன் கண்ணைத் தின்னது எதுன்னு எனக்குத் தெரியணும்டி" என்பாய். சொறிமீனின் நஞ்சில் கலந்து கிடக்கும் புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்தால்தான் அது தெரியும்.

அன்று காலை, ஊறி உப்பிய ஜெல்லைக் கண்ணாடிக் குழலுக்குள் நிதானமாக ஊற்றினாய். குமிழி நுழைந்துவிடுமோ என்று நான் அசையாமல் நின்றேன். "மூச்சு வுடுடி, அதனால எல்லாம் குமிழி வராது" என்று சிரித்தாய். நீலச் சாயத்தை ஓட்டிப் பார்த்தோம். கோணாமல் ஒரே பட்டையாக இறங்கியது. பிறகு நஞ்சுக் கரைசலை விட்டாய். பெரிய மூலக்கூறுகள் ஜெல் மணிகளுக்கு வெளியே வழிந்து முதலில் வரும். சிறியவை மணிகளின் துளைகளுக்குள் புகுந்து புறப்பட்டுப் பிந்தி வரும். கீழே வட்டத் தட்டில் சோதனைக் குழாய்கள். ஒன்று நிரம்பியதும் தட்டு 'டக்'கென்று திரும்பி அடுத்ததை நீட்டும்.

அப்போதுதான் உன் தம்பி கூப்பிட்டான்.

"யக்கா, வலை பூரா சொறி வந்துகீது. இன்னா பண்ணட்டும்? கடல்லயே வுட்டுடவா?"

நீ குழலைப் பார்த்தாய். "இன்னிக்கு இதை வுட்டு நகரக் கூடாதுன்னு இருந்தேன். ஆனா வெயில்ல கரைஞ்சிடும்டி அது. போய் எடுத்துகினு வந்துடறேன். ஜெல் காயாம பாத்துக்க."

வண்டிச் சத்தம் தேய்ந்தது. அடுத்து உன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது பேசியது ஓர் ஆண் குரல்.

"இந்த போன் வெச்சிருந்த பொண்ணு உங்களுக்கு இன்னா வேணும்?"

திருக்கழுக்குன்றம் சாலையில் லாரி. ஜெல் காயாதிருக்க, குழலுக்கு மேலிருந்த குடுவையில் விளிம்புவரை உப்புக் கரைசலை நிரப்பிவிட்டுச் செங்கல்பட்டு மருத்துவமனைக்கு ஓடினேன். உன் முகத்தை மூடியிருந்தார்கள்.

மறுநாள் உன்னைக் கரையோர இடுகாட்டில் விட்டுவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்பினேன். ஜெல் காயவில்லை. நீ இல்லாமல் போன பிறகும் அது சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. தட்டு திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. நிரம்பிய குழாய்கள் வரிசையாக நின்றன. எது நிரம்பியபோது நீ சாலையில் போய்க்கொண்டிருந்தாய், எது நிரம்பியபோது உன் மூச்சு நின்றது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நடுவிலிருந்த ஒரு குழாயில்தான் நீ தேடியது இருந்தது. ஒற்றைப் புரதம், கலப்பில்லாமல். தட்டில் வளர்த்த செல்களின் மேல் ஒரு சொட்டு விட்டேன். அத்தனையும் வெடித்துச் சிதறின.

சொல்வதற்காகக் குப்பத்துக்குப் போனேன். உன் தம்பி கடலைப் பார்த்தபடி படகில் சாய்ந்திருந்தான். "அக்கா தேடினது கிடைச்சிடுச்சுடா" என்றேன். அவன் திரும்பவில்லை.

"நான் போன் பண்ணாங்காட்டி அக்கா உசிரோட இருந்திருக்கும்ல?"

அலை வந்து திரும்பியது. "இல்லடா. அவ காலையிலேயே கிளம்பறதா இருந்தா. நீ கூப்பிடலைன்னாலும் வந்திருப்பா."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்தான்."

நீ போன பிறகு அன்றுதான் அவன் முதன்முதலாக அழுதான் என்று உன் அம்மா பின்னால் சொன்னார்கள். இப்போது மறுபடி கடலுக்குப் போகிறான்.

காலையிலேயே கிளம்புவதாக நீ சொல்லவே இல்லை. அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிய வேண்டாம்.