சம்மந்தி வீட்டுக் கதவில் ஒட்டிய தாள்

சிதம்பரம்,
ஏப்ரல் 9.

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை எழிலனும் சுகமாக இருப்பதையும், வாந்தி நின்று நீ இரண்டு வேளை சோறு சாப்பிடுவதையும் கடலூரிலிருந்து உன் மாமியார் சொல்லித் தெரிந்துகொண்டேன். பெற்றவளுக்குச் செய்தி இப்போதெல்லாம் அந்த வழியாகத்தான் வருகிறது. இருக்கட்டும். இதைப் போனில் சொல்ல முடியாது, நீ கூப்பிட்டதும் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவீட்டில் உட்கார்ந்துகொள்வார், அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, மாப்பிள்ளை கையில் கிடைக்க வேண்டாம்.

மாசி மகத்துக்குக் கடலூர் போனேன் அல்லவா, அன்று பிடித்தது வயிற்றெரிச்சல், இன்னும் அடங்கவில்லை. மறைப்பானேன், உன் மாமியார் மேல் எனக்குப் பொறாமை. அவர் வீட்டு பாத்ரூமுக்குள் போனால் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு முன்னால் கால் வைக்க ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல். கதவின் உள்பக்கம் கவர் போட்டு ஒட்டிய ஒரு தாள். தாளில் உன் கையெழுத்து. நீ பிசியோதெரபி படிக்க ஹாஸ்டலில் இருந்த நாலு வருடத்தில் எனக்கு இவ்வளவு நீளமாக ஒரு கடிதம் எழுதியதில்லை. அங்கேயே உட்கார்ந்து படித்தேன். காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, முழங்கையை முட்டியில் ஊன்றி முன்னால் சாய வேண்டுமாம், வயிற்றைத் தளர விட வேண்டுமாம், மூச்சைப் பிடித்து முக்கக் கூடாதாம், காலை டிபனுக்குப் பிறகு வரும்போது தள்ளிப்போடாமல் போய்விட வேண்டுமாம், பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாதாம், போன் கொண்டுபோகக் கூடாதாம். கீழே சிறுநீர்ப் பையைத் தாங்குகிற தசையை இறுக்கி விடுகிற பயிற்சி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதுவரை எழுதியிருக்கிறாய். மூன்று முறை படித்தேன். வெளியிலிருந்து உன் மாமியார் கதவைத் தட்டி, சம்மந்தி நல்லாத்தான இருக்கீங்க, பத்து நிமிஷத்துக்கு மேல உக்காரக் கூடாதுன்னு உங்க பொண்ணு எழுதினதைப் பார்க்கலியா என்று கேட்டார். எப்படி இருந்திருக்கும் எனக்கு, நீயே யோசித்துப் பார்.

சாப்பிடும்போதும் அதே பேச்சு. உங்க பொண்ணு டிசம்பர்ல வந்தப்ப சொல்லிக் குடுத்தது சம்மந்தி, இப்ப இருமுனாக்கூட எனக்குப் பயமில்ல, ஆகஸ்ட்ல பிரசவத்துக்கு ஏரோப்ளேன்ல தைரியமா ஏறுவேன், உங்களுக்குத்தான் விசா அலைச்சல் ஒத்துக்காதுன்னு சொல்லிட்டீங்களாமே என்றார். தலைப்பிரசவம் பார்ப்பது பெற்றவள் உரிமை. அதை நானே தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் பரிமாறிய பலாக்கொட்டைக் குழம்பைத் தலை குனிந்து சாப்பிட்டேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் நான் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பாய். கொத்தனார் சாமிக்கண்ணுவை வரச்சொல்லி, நல்லபடி இருந்த நம் இந்தியன் டாய்லெட்டை உடைத்து வெஸ்டர்ன் வைக்கச் சொன்னேன். அப்பா, உனக்கு முட்டி நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இதெல்லாம் என்று கேட்டார், உங்களுக்காகத்தான் என்று அவர் வாயை அடைத்தேன். நாலு நாள் வேலை. எதிர்வீட்டில் போய்க் கேட்க வெட்கப்பட்டு அடக்கி அடக்கி வைத்ததில் எனக்கு நன்றாகக் கட்டிக்கொண்டது, இரண்டு கொய்யாவும் ஒரு சீப்பு பூவன் பழமும் சாப்பிட்டுத்தான் சரியானது. பிறகு கீழவீதிக்குப் போய் ஸ்டூல் வாங்கினேன், நீல நிறம் வேண்டாம் என்று சிவப்பாகப் பார்த்து வாங்கினேன். அதைப் போட்டுக் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து காட்டாத குறையாக அப்பாவுக்கு விளக்கினேன். அவர் ஸ்டூலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதுக்குப் பழசுலயே குந்தியிருக்கலாமே ஞானாம்பா என்றார். அப்போதுதான் தாளின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. முட்டி வலி இருப்பதால்தான் உங்களுக்கு ஸ்டூல் அத்தை, குந்தி உட்கார முடிந்தவர்களுக்கு அதுவே போதும் என்று எழுதியிருந்தாய். அதையும் மூன்று முறை படித்தவள்தான் நான். பொறாமைக் கண்ணுக்கு அத்தை என்ற சொல் மட்டும்தான் தெரிந்தது.

ஒரு மாதமாக நீ ஏன் எனக்குச் சொல்லாமல் அவருக்குச் சொன்னாய் என்று மனதுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நேற்று துணி மடிக்கும்போது டிசம்பர் மாதம் ஞாபகம் வந்தது. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், நீ பக்கத்தில் வந்து மெதுவாக, அம்மா இருமினா தும்மினா ஒண்ணுக்குக் கசியுதா என்று கேட்டாய். இதெல்லாம் ஒரு பேச்சா, வேற வேலை இல்லியா உனக்கு என்று கரண்டியை நீட்டினேன். நீ கூடத்துக்குப் போய்விட்டாய். அதே கேள்வியை அவரிடமும் கேட்டிருப்பாய், அவர் ஆமாம் என்றிருப்பார். அவ்வளவுதான் விஷயம்.

கயல், நீ அன்று கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். ஆமாம். இருமினால் கசிகிறது, சிரித்தால் கசிகிறது, இரண்டு வருடமாக. சேத்தியாத்தோப்புப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலும், மணி அடிக்கும்வரை அடக்கியும் பாடம் நடத்தினேன். வெளியே கிளம்பும்போதெல்லாம், வருதோ வரலியோ போயிட்டு வா என்று உன்னையும் விரட்டினேன், அந்தப் பழக்கமும் தப்பு என்று உன் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கடலூர் பஸ்ஸில் அந்த ஒன்றரை மணி நேரமும் மடியில் பையை வைத்து மறைத்துக்கொண்டுதான் போனேன். அப்படிப்பட்டவள் பத்து மணி நேரம் விமானத்தில் எப்படி வருவேன் என்றுதான் விசாவைச் சாக்கு சொன்னேன். உன்னைப் பார்க்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை.

இங்கே லேடி டாக்டரைப் பார்க்கச் சொன்னால் பார்க்கிறேன், பயிற்சி செய்யச் சொன்னால் தவறாமல் செய்கிறேன். ஆகஸ்டுக்கு நாலு மாதம் இருக்கிறது. உன் மாமியாரும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் குழந்தையை முதலில் வாங்குவது என் கையாக இருக்க வேண்டும். நீ வேலை வேலை என்று நின்றுகொண்டே இருக்காதே, தண்ணீர் நிறையக் குடி, அடக்கி வைக்காதே, ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நீயும் செய். தாயும் பிள்ளையும் குறைவில்லாமல் நன்றாக இருக்க தினமும் தில்லைக்காளியை வேண்டிக்கொள்கிறேன்.

மறக்காமல் எனக்கும் உன் கையால் ஒரு தாள் எழுதி அனுப்பு. கதவில் ஒட்ட கவரும் டேப்பும் வாங்கி வைத்துவிட்டேன். அத்தைக்கு எழுதியதைவிட ஒரு வரியாவது கூடுதலாக இருக்கட்டும், மேலே அம்மாவுக்கு என்று பெரிதாக எழுது.

உன் அம்மா,
உ. ஞானாம்பாள்