உன் தங்கை என்னைக் கடந்து போனாள்

அன்பு மகன் கலோயனுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகள் பெத்யாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், குளிருக்கு இதமாக வீட்டைச் சூடாக வைத்துக்கொண்டு இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். நானும் அம்மாவும் நெவேனாவும் இங்கே சுகம். இதை முதலிலேயே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கீழே இருப்பதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும், உடனே போனை எடுத்து அம்மாவிடம் கத்துவாய். அவளைத் திட்டாதே, சொல்ல வேண்டாம் என்று தடுத்தது நான்தான். டிசம்பரில் நான் போனில் பேசாமல் இருந்தபோது தொண்டைக்கட்டு என்று சொன்னோமே, அது தொண்டைக்கட்டு இல்லை. கல்குவாரி வளைவில் நான் ஓட்டிய பஸ் பள்ளத்தில் இறங்கிவிட்டது, என் தோள் எலும்பு முறிந்தது. இப்போது நன்றாகக் கூடிவிட்டது, கையைத் தலைக்கு மேலே தூக்குகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து கேள்வி கேட்பாய், எனக்கு முன்னும் பின்னுமாகக் குழம்பிவிடும், அதனால் எழுதுகிறேன்.

ஹானோவரில் வேலை பார்த்து வைத்திருக்கிறேன், நெவேனாவை அனுப்பி வையுங்கள் என்று நீ திரும்பத் திரும்பச் சொல்கிறாய். அதற்கும் இந்தக் கடிதத்தில்தான் பதில் இருக்கிறது, பொறுமையாகப் படி. நர்ஸ் படிப்பு முடித்து, போன வருஷம் பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள் அல்லவா, முதல் வருஷம் புது நர்ஸை ஒரே இடத்தில் வைக்க மாட்டார்கள், ஒவ்வொரு பிரிவாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முதலில் பொது வார்டு. அங்கே படுத்திருந்த கிழவிகள் எல்லாரும் தங்கள் பேரன்களுக்கு அவளைக் கேட்டார்கள், மார்ச் முதல் தேதி அன்று நம்மூர் வழக்கப்படி நலம் வேண்டி ஆளுக்கொரு சிவப்பு வெள்ளை நூலை அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டார்கள். நர்ஸ் கையில் நூல் இருக்கக்கூடாதாம், அதையெல்லாம் அவிழ்த்து ஊக்கில் கோத்துப் பையில் குத்திக்கொண்டு திரிந்தாள். அடுத்து குழந்தைகள் வார்டு. ஊசி என்றால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிற பிள்ளைகளோடு அவளும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள் என்று என் பஸ்ஸில் வரும் தாய்மார்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த மாதங்களில் வீட்டுக்கு வந்ததும் அம்மா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவில் பாதித் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாள்.

இலையுதிர் காலத்தில் அறுவைப் பிரிவுக்குப் போனாள், அங்கேதான் அடி விழுந்தது. ஹெட் நர்ஸ் சோன்காவை உனக்குத் தெரியும், உனக்குக் குடல்வால் எடுத்தபோது அழக்கூடாது என்று அதட்டியவள். நெவேனா கவனித்துக்கொண்டிருந்த ஒருவர், காலையில் அவளோடு கால்பந்து பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், மத்தியானம் திடீரென்று மூச்சு நின்று சரிந்துவிட்டார். எல்லாரும் ஓடி வந்து போராடினார்கள், இவள் மட்டும் கையில் தட்டோடு சுவரில் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டாளாம். அவர் பிழைக்கவில்லை. சோன்கா எல்லார் முன்னாலும், இப்படி மரமா நின்னா அடுத்தவனும் செத்துப்போவான், வேற தொழில் பாரு என்று சொல்லிவிட்டாள். அன்று நம் பெண் பனிட்சாவைத் தொடவில்லை. உனக்கு எழுதி ஜெர்மனியில் வேலை கேட்டது அந்த வாரம்தான். அவள் ஜெர்மனிக்குப் போக ஆசைப்படவில்லை கலோயன், சோன்கா இல்லாத இடத்துக்குப் போக ஆசைப்பட்டாள். அது உனக்குத் தெரிய நியாயமில்லை.

டிசம்பரில் அவசரப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் அங்கே சேர்ந்த முதல் வாரம்தான் அது நடந்தது. விடியற்காலை பனி உருகி மறுபடி உறைந்திருந்தது, வளைவில் நான் மெதுவாகத்தான் திருப்பினேன், சக்கரம் பிடிக்கவில்லை. பஸ் பக்கவாட்டில் சறுக்கி ஓடைப் பக்கம் சாய்ந்துவிட்டது. போலீஸும் வந்து பார்த்து என் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் அந்தச் சத்தம் என் காதில் இருந்து போக நாளாயிற்று. எங்கள் எல்லாரையும் ஆம்புலன்ஸிலும் ஊர்க்காரர்கள் காரிலுமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தாழ்வாரத்து பெஞ்சுகளில் வரிசையாக உட்கார வைத்தார்கள். என் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது, பார்க்கப் பயங்கரமாக இருந்திருப்பேன். பாலாடைக்கட்டி விற்கும் வெலிச்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஊரே கேட்க அலறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் மர அறுவை மில்லில் வேலை பார்த்த மின்ச்சோ, எனக்கு ஒன்றுமில்லை, மற்றவர்களைப் பாருங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருந்த டாக்டர் ஒருவர்தான், அவர் உள்ளே வேறொரு பெண்ணுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே யார் முதலில், யார் பிறகு என்று பிரித்து நிறுத்தும் வேலை நெவேனா தலையில்.

அவள் கதவைத் திறந்து வந்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு நொடி அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சோன்கா சொன்னது எனக்கு நினைவு வந்தது, நின்றுவிடப் போகிறாள் என்று பயந்தேன். ஆனால் நேரே என்னிடம் வந்து, கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்று யாரோ ஒருவனிடம் கேட்பது மாதிரி கேட்டாள், சொன்னேன். விரல்களை அசைக்கச் சொன்னாள், அசைத்தேன். துணியை என் கையில் கொடுத்து நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மணிக்கட்டில் பச்சைப் பட்டையை மாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டாள். பச்சை என்றால் காத்திருக்கலாம் என்று அர்த்தமாம். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. வெலிச்கா சும்மா இருப்பாளா.

“ஏண்டி, பெத்த அப்பன் ரத்தம் ஒழுக உக்காந்திருக்கான், அவனையே தாண்டிப் போறியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?”

நெவேனா அவள் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அப்பா பேசுறாரு, நல்லா மூச்சு விடுறாரு, கேட்டதுக்குப் பதில் சொல்றாரு. அதனாலதான் தாண்டிப் போறேன் அத்தை. நீங்களும் இவ்ளோ சத்தமா கத்துறீங்க, உங்களையும் தாண்டித்தான் போகப் போறேன்.”

மின்ச்சோவின் முன்னால் குனிந்தவள் நிமிரவில்லை. அவர் முகம் சாம்பல் நிறமாகி வேர்த்திருந்தது, வயிறு கல்லாக இருந்ததாம். சிவப்புப் பட்டையைக் கட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள், அவர் கையில் இருந்ததை விட்டுவிட்டு ஓடி வந்தார். உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் வயிற்றில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தள்ளுகட்டிலில் வைத்து மேலே கொண்டுபோனார்கள், ஒரு பக்கம் நெவேனா தள்ளினாள், மறுபக்கம் தள்ளியது உதவிக்குக் கீழே இறங்கி வந்த சோன்கா. மின்ச்சோ பிழைத்துவிட்டார், போன வாரம் வீட்டுக்கு வந்து என்னோடு ரக்கியா சாராயம் குடிக்க வேண்டும் என்று அடம்பிடித்தார், நெவேனா புட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

என் முறை வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. நெவேனாதான் என் புருவத்தில் இருந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். நடுவில், அப்பா கொஞ்சம் இருங்க என்று சொல்லித் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சோன்கா எட்டிப் பார்த்து என் தோளைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு, “உங்க பொண்ணு இன்னிக்கு நிக்கல, ஸ்டாமென். எங்க வேணும்னு கேட்டாலும் நான் சிபாரிசு எழுதித் தரேன்” என்றாள். மன்னிப்பு என்ற சொல் சோன்காவுக்கு வராது, அதுதான் அவளுடைய மன்னிப்பு.

வருஷம் முடிந்ததும் எந்தப் பிரிவு வேண்டும் என்று நெவேனாவைக் கேட்டார்கள், அவசரப் பிரிவு என்று சொல்லிவிட்டாள். நீ சொன்னபடி நானும் ஜெர்மனியைப் பற்றி எடுத்துச் சொன்னேன், சம்பளத்தையும் சொன்னேன், மறைக்கவில்லை. அண்ணனுக்கு நானே எழுதுகிறேன், பயந்து ஓடி வரமாட்டேன், எனக்கே பிடித்துப்போய் வரவேண்டும் என்று தோன்றினால் கண்டிப்பாக வருவேன் என்றாள். அதற்குமேல் அவளை நான் தள்ளப் போவதில்லை, நீயும் தள்ளாதே, கோபித்துக்கொள்ளவும் செய்யாதே.

இனி என் விஷயம். எலும்பு கூடிய பிறகும் எனக்கு பஸ்ஸில் ஏற மனமில்லை. யாரிடமும் சொல்லவில்லை, பஸ் ஷெட்டிலேயே வேலை கேட்டுவிடலாம் என்று முடிவு செய்து வைத்திருந்தேன், அம்மாவும் அதையே விரும்பினாள். ஆனால் ஓட்டுவதற்கு ஆள் இல்லை, எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாம் உங்கள் பக்கம்தான் லாரி ஓட்டுகிறார்கள். போன திங்கட்கிழமை சாவியை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன், பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பார்த்தேன். வெலிச்கா கட்டுப்போட்ட கையோடு ஏறி எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நெவேனா ஏறினாள், அவளுக்கும் அன்றுதான் நிரந்தர வேலையில் முதல் நாள். எனக்குத் தைரியம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், காலை வணக்கம் சொன்னதோடு சரி. ஓடைப் பக்கத்து ஜன்னல் சீட்டில் போய் உட்கார்ந்தாள். கல்குவாரி நெருங்கியது, எனக்கு முதுகெல்லாம் ஈரம். வளைவில் திருப்புவதற்கு முன்னால் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையை ஜன்னலில் சாய்த்து, வாயைத் திறந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் திருப்பினேன்.

உனக்கும் பெத்யாவுக்கும் எல்லா நலமும் கூடிவர வேண்டும் என்று நானும் அம்மாவும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். ஈஸ்டருக்கு வரப் பார்த்தால் அம்மாவுக்கு முன்கூட்டிச் சொல்லு, கடைசி நாளில் சொல்லி அவளை ஓடவைக்காதே. காருக்குப் பனியில் சறுக்காத டயர் இன்னும் மாற்றவில்லை என்று பெத்யா வாய்தவறிச் சொல்லிவிட்டாள், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மாற்று.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
ஸ்டாமென்