தோட்டத்தைப் பூட்டமாட்டேன்

அரிப்பு,
04.09.2013

அன்பு மகள் பெற்றிசியாவுக்கு,

மடு மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும். நானும் ஆடுகளும் சுகம். உன் சுகத்தை நீ ஒரேயொரு வரியில் முடித்துவிட்டாய். குளிருக்கு நல்ல கோட்டு வாங்கினாயா, வேலை இடத்தில் மத்தியானம் இருந்து சாப்பிட விடுகிறார்களா என்பதை அடுத்த முறையாவது எழுது. இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. உங்கள் பக்கம் வருகிற சிஸ்டரின் கையில் கொடுத்துவிடுகிறேன். ரெலிபோனில் சொல்லக்கூடிய விசயமும் இல்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

தோட்டத்தைப் பூட்டித் திறப்பை மாமாவிடம் கொடுத்துவிட்டு உன்னிடம் வந்துவிடும்படி எழுதியிருந்தாய். இந்த வருடம் தோட்டத்தில் கலை முகாம் வேண்டவே வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். உன் கடிதம் வந்தபோது முகாம் முடிந்து இரண்டு நாள். முன்னமே வந்திருந்தாலும் வைத்திருப்பேன். கோபித்தால் கோபி, ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கோபி.

நீ முகாம் நடத்திய மூன்று வருடமும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிந்தேன். கச்சான் கடலை போடுகிற நிலத்தில் கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கிப் படம் கீறுவதும், விடிந்ததும் ஒருவரோடொருவர் பேசாமல் மரத்துக்கு ஒருவராக இருந்து எழுதுவதும் வேலையற்றவர்களின் வேலையாகத்தான் எனக்குத் தெரிந்தது. உன் லோறன்ஸ் அண்ணா காணாமல் போனதை வைத்துப் போன வருடம் நீ நாடகம் எழுதினாய். "என்ர பிள்ளைய ஊருக்கு வேடிக்கை காட்டாத" என்று ஆட்களுக்கு முன்னால் உன்னைப் பார்த்துக் கத்தினேன். நீ கொப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாய். மேடையேறாத அந்த நாடகத்துக்காக சி.ஐ.டி.க்காரர் உன்னை மூன்று தரம் கூப்பிட்டு விசாரித்தார்கள். மூன்றாந்தரம் திரும்பி வந்த அன்று நீ சாப்பிடவில்லை. பிறகு நீ போய்விட்டாய்.

பங்குனி மாதம் அந்தக் கொப்பியை எடுத்துப் படித்தேன். ஒரு தாய் மகனின் படத்தோடு கந்தோர் கந்தோராகப் போகிறாள். அவ்வளவுதான் கதை. நீ எதையும் கூட்டி எழுதவில்லை. அந்தத் தாய் கதிரையில் முழுதாக இருக்காமல் நுனியில் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதை எப்போது பார்த்தாய் மகள்? நான் இருப்பது அப்படித்தான் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்கே சிலாவத்துறைக்கு பஸ் ஏறி றஹீமாவிடம் போனேன். முதல் முகாமிலிருந்து உனக்குப் பாட்டுக் கட்டித் தந்தவள் அவள்தானே. இந்த வருடமும் முகாம் வைத்தால் பயமில்லையா என்று கேட்டேன். "இருவது வருசம் புத்தளத்தில அகதியா இருந்திட்டு வந்து காட்டை வெட்டிக் குடியிருக்கிறன். இனி என்னத்துக்குப் பயப்பட? வைப்பம் மதலேனா" என்றாள். ஆவணி கடைசி வெள்ளி, சனி, ஞாயிறு என்று முடிவு செய்தோம்.

புதன்கிழமை இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். சாதாரண உடுப்பு. உன்னை விசாரிக்க வந்தவர்களில் ஒருவன் அதில் இருந்தான். வருகிறவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டுமாம். "வெள்ளிக்கிழமை வந்து ஒவ்வொருத்தரிட்டையும் நீங்களே கேளுங்கோ. ஒருத்தரும் ஒளிக்க மாட்டினம்" என்றேன். அவன், "அம்மா, மகள் வெளிநாட்டில. நீங்கள் இஞ்ச தனிய. யோசிச்சுச் செய்யுங்கோ" என்றான்.

"நான் தனிய இருக்கிறதுக்கு ஆர் காரணமெண்டு நீங்களும் ஒருக்கா யோசியுங்கோ தம்பி" என்றேன். சொன்ன பிறகு கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் போகும்வரை கையை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ஸ்பீக்கர் தருவதாகச் சொன்னவர் பெட்டி பழுதாகிவிட்டது என்று சொல்லியனுப்பினார். வான்காரருக்கும் திடீரென்று வேறு ஓட்டம் வந்துவிட்டது. அருட்பிரகாசம் அண்ணன்தான் தன் உழவு இயந்திரத்தைக் கொண்டுபோய் ஆட்களை ஏற்றி வந்தார். இருபத்தாறு பேர். பின்னால் பூட்டின இழுவைப் பெட்டிக்குள் குலுங்கி வந்து இறங்கும்போதே பாடிக்கொண்டு வந்தார்கள்.

முதல் இரண்டு நாளும் நன்றாகவே போயின. கச்சான் கொட்டிலில் பெண்கள் படுத்தார்கள், வேம்புக்குக் கீழே படங்கு கட்டி ஆண்கள். முள்ளிக்குளத்துப் பெண்கள் பத்து யார் நீள வெள்ளைத் துணியில், கடற்படை பிடித்து வைத்திருப்பதால் தாங்கள் போக முடியாத தங்கள் ஊரை வீடு வீடாகக் கீறினார்கள். ஒரு புளியமரம் ஒழுங்கைக்கு எந்தப் பக்கம் நின்றது என்று இரண்டு பேருக்குள் பெரிய சண்டை. கடைசியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மரம் கீறிவிட்டார்கள். நான் சோறு வடிப்பதை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். சோறு குழைந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

ஞாயிறு பின்னேரம் ஊருக்கு உன் நாடகத்தைக் காட்டுவதென்று சொல்லியிருந்தோம். தாயாக நடிக்கவிருந்தவள் அன்ரோனெற். காலைப் பூசை முடிந்து அழுதுகொண்டு வந்தாள். அவளுடைய மனுசனுக்கு அரசாங்க வேலை அல்லவா, மனைவி நடித்தால் தூரத்துக்கு மாற்றுவோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்று என் கையைப் பிடித்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நீயும் கோபிக்காதே.

பிறகு எல்லோரும் அப்படியே இருந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவரும் என்னைக் கேட்கவும் இல்லை. அதனால்தான் தாயாக நடிக்க நானே எழும்பினேன். பாடமாக்க எனக்கு ஒரு மணித்தியாலம்கூடத் தேவைப்படவில்லை. அந்தக் கொப்பியில் எனக்குத் தெரியாத வசனம் ஒன்றும் இல்லையே.

நாலு மணிக்கு இருநூறு பேர் இருக்கும், கச்சான் பிடுங்கின வெறுந்தரையில் வந்து இருந்தார்கள். ஸ்பீக்கர் இல்லை, சோளகமோ பேய்க்காற்றாக வீசுகிறது. முதல் வசனத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது. றஹீமா எல்லோரையும் எழுப்பிக் காற்று போகிற பக்கம் இருத்திவிட்டு, எங்களைக் காற்று வருகிற பக்கம் நிறுத்தினாள். "இப்ப பேசு, அதுவே கொண்டுபோய்க் குடுக்கும்" என்றாள். கடைசி வேலி வரைக்கும் கேட்டதாம்.

அந்த வேலியோடு அந்த இரண்டு பேரும் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது, சிலர் எழும்பவும் பார்த்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, நாடகத்தை நிறுத்திவிட்டு, "தம்பிமார், வெயிலுக்கு எதிரா நிண்டு எடுக்கிறியள். எங்கட முகம் கறுப்பாத்தான் விழும். இஞ்சால வந்து வடிவா எடுங்கோ" என்று கூப்பிட்டேன். சனம் சிரித்தது. எழும்பினவர்கள் இருந்தார்கள். ஒருவன் போனைப் பொக்கற்றுக்குள் வைத்தான். மற்றவன் விடாமல் எடுத்தான். எடுக்கட்டும்.

கடைசிக் கந்தோர்க் காட்சியில், மகனின் பெயர் என்ன என்று அதிகாரி கேட்க, தாய் அந்தோனிமுத்து என்று சொல்வதாக நீ எழுதியிருந்தாய். எனக்குப் பயந்துதானே பெயரை மாற்றினாய்? நான் லோறன்ஸ் என்றேன். முழுப்பெயரும் சொன்னேன். பிறந்த திகதி சொன்னேன். எந்தச் சந்தியில், எத்தனை மணிக்கு, எப்படிப் பிடித்து வாகனத்தில் ஏற்றினார்கள் என்று சொன்னேன். ஐந்து வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததை வெயிலில் நின்று சொன்னேன்.

கூட்டத்துக்குள் இருந்து ஒரு பெண், இது நாடகம் என்பதை மறந்து, "என்ன நிறச் சேட்டு அக்கா போட்டிருந்தவர்?" என்று கேட்டாள். "நீலம்" என்றேன். "என்ர பிள்ளையும் நீலம்தான்" என்றாள். நாடகம் அதோடு முடிந்தது. கைதட்டல் இல்லை. ஒருவரும் எழும்பவும் இல்லை. றஹீமா பாட்டைத் தொடங்கிய பிறகுதான் சனம் அசைந்தது.

நேற்று, செவ்வாய்க்கிழமை, என்னை மன்னாருக்கு விசாரணைக்கு வரச் சொன்னார்கள். அருட்பிரகாசம் அண்ணனின் உழவு இயந்திரப் பெட்டியில் றஹீமாவும் இன்னும் பதினொரு பெண்களும் ஏறிவிட்டார்கள். உள்ளே என்னை மட்டும்தான் விட்டார்கள். உன் பெயரை என் வாயால் வாங்க, நாடகம் எழுதியது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "நான்தான் எழுதினனான். என்ர கதைய வேற ஆர் எழுதிறது?" என்றேன். மத்தியானம் வரை வைத்திருந்து, இனிமேல் இப்படிக் கூட்டம் வைக்கக்கூடாது என்றார்கள். எழுத்தில் தரும்படி கேட்டேன். தரவில்லை. தை மாதக் கடைசியில் அடுத்த முகாம் என்று அங்கேயே சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

உன்னை இங்கே வா என்று நான் எழுதவில்லை. இப்போது வராதே. என்னையும் அங்கே கூப்பிடாதே. நீ தப்பி ஓடினவள்போல எழுதுகிறாய், அதை மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. உன்னை நான் துரத்தினேனோ என்று நினைத்து அழுத நாட்கள் எனக்கும் உண்டு. அவை போதும். நேரம் கிடைக்கும்போது இருந்து எழுது. தைக்கு ஒரு நாடகம் வேண்டும், இந்த முறை சனம் சிரிக்கிறமாதிரி. அன்ரோனெற் வந்து தனக்கு அதில் இடம் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

உன் நெற்றியில் சிலுவை போட்டுவிட என் கை எட்டாது. படுக்கப் போகும்போது நீயே போட்டுக்கொள் மகள். அது நான் போட்டது.

உன் அம்மா,
மதலேனா