நாற்பது வீட்டு லைன்

ஜூன் 3
தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் நானே எழுந்து பேசினேன். என் அண்ணன் ரோச் வேலை பார்க்கும் கம்பெனி தருவைகுளத்துக்கு வைஃபை கொண்டுவருகிறது, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றேன். இணைப்புக்கு நாற்பது வீட்டுக் கையெழுத்து கிடைத்தது. கூடப்பிறந்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஜூன் 19
ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு ஆறு வாரம். புதிதாய் வந்த வைஃபையில் அரசாங்கத்தின் இலவசப் பாட வீடியோவைத் திறந்தால் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. வைஃபை கம்பெனியின் கோச்சிங் ஆப் மட்டும் தண்ணீராய் ஓடுகிறது. அது முதல் மாதம்தான் இலவசம். என் போனில் கோளாறோ?

ஜூன் 20
பக்கத்து வீட்டு டெல்சிக்கும் அதே வட்டம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை.

ஜூன் 24
சிம் சிக்னல் கடற்கரையில்தான் கொஞ்சம் கிடைக்கும். வலை காயும் இடத்தில் நின்று அதே பாடத்தைத் திறந்தேன். இரண்டு கோட்டிலேயே ஓடியது. அப்போ வீட்டில் என்ன?

ஜூன் 25
அண்ணனிடம் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "கம்பெனி அப்பிடித்தான் வச்சிருக்கு. அவங்க ஆப்பு முந்திப் போவும், மத்ததெல்லாம் பின்னாலதான்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நீ கையெழுத்து வாங்கும்போதே தெரியும்ளா."

பாவி. கோயில் சனத்துக்கு முன்னால என்னைய நிப்பாட்டி — எம் மூஞ்சிய வச்சுல்லா வித்திருக்கான்! ஊருக்கு ரோடு போட்டுவிட்டு, முதலாளி பஸ் பறக்கும், அரசு பஸ் ஊர்ந்துதான் வரணும் என்றால் விடுவோமா? படிப்பில் மட்டும் எப்படி?

ஜூன் 28
அன்பியக் கூட்டத்துக்குப் போகவில்லை.

ஜூலை 1
அண்ணன் வந்தான். உன் வீட்டு லைனை மட்டும் திறந்துவிடுகிறேன், வெளியே மூச்சு விடாதே என்றான். தெரிந்தால் அவன் வேலை போய்விடுமாம். வெளியே போ என்று சொல்ல வாயெடுத்தேன். தேர்வுக்கு நாலு வாரம். இது மூன்றாம் முறை, இதற்கு மேல் வீட்டில் எழுத விடமாட்டார்கள்.

தலையை ஆட்டினேன்.

ஜூலை 4
ஒரே நாளில் ஆறு பாடம்.

ஜூலை 9
டெல்சி சன்னல் பக்கம் வந்து நின்றாள். உங்கள் வீட்டில் மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். உங்க வீட்டுச் சுவர் தடுக்கும் என்றேன். என்ன வாய் எனக்கு! அப்படியென்றால் அந்தக் கம்பெனி ஆப்பிலேயே பணம் கட்டிச் சேர்ந்துவிடவா என்றாள்.

சேர் என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா."