பத்து மணிப் படகு

3, திங்கள்

அன்புள்ள கடைக்காரருக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நான் ஓய்வு பெற்ற மறுநாளே இருவரும் கிளம்புவோம் என்று சத்தியம் செய்துவிட்டு, பஸ் நிலையத்தில் "அவசரமா ஒரு வாட்ச் வந்திருக்கு, நீ முன்னால போ" என்றீர்களே, அந்தக் கோபம் வழியிலேயே பாதி இறங்கிவிட்டது. மீதி உங்களுக்காகக் காத்திருக்கிறது.

ஊருக்குள் வர முகத்துவாரத்தைப் படகில் கடக்க வேண்டும். கடல் ஏறி ஆறு நிறைந்தால்தான் படகு ஓடும். நான் ஏறியபோது காலை பத்து மணி. தபால்காரம்மா வீட்டு மாடியில் அறை, இரண்டு கட்டில். உங்கள் கட்டிலில் என் பை படுத்திருக்கிறது.

உங்கள் நர்ஸம்மா


5, புதன்

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

இருபத்தாறு வருஷத்தில் சொல்லாமல் கடையை மூடியதில்லை. நான் வந்துவிட்டால் வாடிக்கையாளர்கள் எங்கே போவார்கள்? அது இருக்கட்டும், டீத்தூள் டப்பா எங்கே? இரண்டு நாளாகத் தேடுகிறேன்.

உன் கடைக்காரன்


7, வெள்ளி

அன்புள்ள கடைக்காரருக்கு,

டப்பா அடுப்புக்கு மேலே, உங்கள் கண்ணெதிரில்தான் இருக்கிறது.

இன்று மணல்திட்டின் முனைவரை நடந்தேன். ஒரு பக்கம் கடல் இரைகிறது, மறுபக்கம் ஆறு வாயே திறப்பதில்லை. நண்டுகள் என்னைக் கண்டதும் வளைக்குள் ஓடுகின்றன. ஊசி போடுகிறவள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. இங்கே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் இருக்கப்போகிறேன்.

ஒன்று மட்டும். வேலை முடிந்த பிறகாவது உங்களோடு இருக்கலாம் என்றுதான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். வராவிட்டால் சண்டை போடமாட்டேன். இனிமேல் கூப்பிடவும் மாட்டேன்.

நர்ஸம்மா


10, திங்கள்
எதிர்க்கரை

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

'எப்போது திறப்பேன் என்று தெரியாது' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். பக்கத்துக் கடைத் தையல்காரர் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

உன் பத்து மணியை நம்பி ஒன்பதே முக்காலுக்கே கரையில் நின்றேன். ஆற்றில் சேறுதான் இருக்கிறது, கொக்கு நடந்து போகிறது. "அது போன திங்கக்கிழமை கணக்கு சார். தண்ணி தினமும் முக்கா மணி, ஒரு மணி பிந்தித்தான் ஏறும். இன்னைக்கு நாலாயிடும்" என்று படகுக்காரர் சிரிக்கிறார். ஊர்க் கடிகாரத்தையெல்லாம் திருத்தியவன் ஆறு மணி நேரம் முன்னதாக வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அவசர வாட்ச் எதுவும் வரவில்லை. கடை இல்லாத நாளில் என்ன செய்வேன் என்று பயந்துவிட்டேன். அதுதான் உண்மை. இப்போது மூன்று மணி நேரமாக ஒன்றுமே செய்யவில்லை. உயிர் ஒன்றும் போய்விடவில்லை.

எதிரே ஒரு மாடியில் உன் நீலச் சேலை காய்கிறது. இதைத் தபாலில் போடப்போவதில்லை, நானே கொண்டுவருகிறேன். படித்து முடித்ததும் என் கட்டிலிலிருந்து உன் பையை எடுத்துவிடு.

உன் கடைக்காரன்