டமாஸ்கஸில் அப்பா ஏற்றிய தோட்டா

மஞ்சக்குப்பம், கடலூர்
22.7.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி ராஜாமணி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அனைவரும் நலம், என் வீட்டுக்காரி அமிர்தம் என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர. போனில் சொன்னால் அவள் காதில் விழும். அதனால்தான் தபால்.

மகள் இசைவாணிக்குச் சிதம்பரத்தில் இடம் அமைந்ததைச் சொன்னேனே, மாப்பிள்ளை அருள்முருகன். அவருடைய அப்பா தில்லைநாதன் ஆனிக் கடைசியில் இங்கே விருந்துக்கு வந்தார். ஆடி கழிந்ததும் தாம்பூலம் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

என் வாய் உனக்குத் தெரியும். கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டி ஆரம்பித்துவிட்டேன். விமானத்தின் மூக்கில் கை வைத்தபடி அப்பா நிற்பாரே, அந்தப் படம். நீ இருக்கும் துலூஸில் செய்த பிரெஞ்சுச் சண்டை விமானம், தெவாத்தீன் 520. முதலில் வேகம் போதாமல் திருத்தித் திருத்திச் செய்தார்கள், ஜெர்மன்காரன் வந்தபோது கைவசம் இருந்தது கொஞ்சம்தான், ஆனாலும் பறந்து அடித்தது என்று அளந்தேன். மூக்கிலேயே பீரங்கி, அதற்குக் குண்டு ஏற்றியது பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சு விமானப்படைக்குப் போன எங்கப்பா என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிரான்ஸ் சரணடைந்த பிறகு, ஜெர்மன்காரனுக்கு அடங்கிப்போன பிரெஞ்சு அரசாங்கத்துக்காக அதே விமானம் சிரியாவில் பிரிட்டிஷ்காரனையும் விரட்டியது, அப்பா டமாஸ்கஸில்தான் இருந்தார் என்று ரசத்துக்குப் போய்விட்டேன்.

தில்லைநாதன் கை இலையிலேயே நின்றது.

"எந்த வருசம் சம்பந்தி?"

நான் பதில் சொல்லுமுன் அவரே சொன்னார். "எங்கப்பா அங்கதான் செத்துப்போய்ட்டாரு. பிரிட்டிஷ்காரன் பட்டாளத்துல லாரி ஓட்டுனாரு. மேலேருந்து ப்ளேன் சுட்டுச்சின்னு கூட இருந்தவுங்க வந்து சொன்னாங்களாம். நான் அப்ப கைக்குழந்த."

விமானத்தின் வேகம்வரை ஒப்பித்தவனுக்கு வருடம் மட்டும் மறந்துபோனது. ஞாபகமில்லீங்க என்றேன். பாயசத்தைத் தொடாமல் எழுந்து கை கழுவினார்.

அன்றே படத்தைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் செருகினேன். இசைவாணி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்பத்தொன்று, ஜூன் மாதம் என்று அருள்முருகனிடம் தானே சொல்லிவிட்டாள். நேற்று அவர் மூலம் பதில் வந்தது. தில்லைநாதன் ஆடி முடிந்து வருகிறாராம். படத்தைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டி வைக்கச் சொன்னாராம். அவ்வளவுதான் சேதி. சம்பந்தம் பேச வருகிறாரா, முறித்துக்கொள்ள வருகிறாரா, தெரியவில்லை. ஆணி அடிக்கும்போது சுத்தியல் இரண்டு தடவை விரலில்தான் விழுந்தது.

சுட்டவன் வேறு ஆள், அப்பா ஏற்றிக் கொடுத்தவர்தானே, எந்த விமானம் எந்த லாரியைச் சுட்டது என்று யாருக்குத் தெரியும் என்று கண்ணாடி முன் பேசிப் பழகினேன். அமிர்தம் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அவரு கணக்கு கேக்கவா வராரு?" மறுபடி மூடிக்கொண்டாள். இசைவாணி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பா கடைசி நாட்களில் உன்னை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்து அந்தச் சண்டையைப் பற்றி ஏதோ சொன்னார். நான் இத்தனை வருடமாகக் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. அது ஒரு லாரியைப் பற்றியதாக இருந்தால் எனக்கு எழுதாதே. ஆவணி பிறந்ததும் புறப்பட்டு வா அண்ணா. வந்து, அப்பா சொன்ன மாதிரியே தில்லைநாதனிடம் சொல்.

அண்ணிக்கு வணக்கம். உன் மகள் என்றே நினைத்து இசைவாணியை வாழ்த்து.

உன் தம்பி,
ராஜாமணி