மேசைத் துணிக்கு அடியில்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இந்த நோட்டு உன் கையில் கிடைத்திருந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதே. முக்கியமாக என் அம்மாவிடம். அவளுக்குக் கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது. நேரே திறந்துகொண்டு வருவாள். அதனால் போர்வைக்குள் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மொந்தேவிதேயோவில் தொழில்நுட்ப மாநாடு தொடங்கியது. பள்ளிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு என்னையும் எங்கள் காட்சி அரங்கில் நிறுத்தினாள் அம்மா. அங்கே நாங்கள் காட்டுவது, ஒரு கணினியைப் பல கணினிகளாகப் பிரித்து ஓட்டும் மென்பொருள். கட்டற்றது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கலாம். அதை நிறுவிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் அம்மாவுக்கும் அவள் கூட்டாளி வால்தெமார் மாமாவுக்கும் பிழைப்பு.

"சும்மா குடுத்துட்டு எதைச் சாப்பிடுறீங்க, நிபியா?" என்றார் எதிர் அரங்குக் கோட்டுக்காரர்.

"உங்ககிட்ட வாங்கினவங்க அழுதுக்கிட்டு எங்ககிட்டதானே வர்றாங்க," என்றாள் அம்மா.

எங்கள் வித்தை இது. மேசைமேல் இரண்டு கணினிப் பெட்டிகள். முதல் பெட்டிக்குள் ஒரு கடிகாரம் ஓடுவது திரையில் தெரியும். "கரண்டைப் பிடுங்குங்க" என்பாள் அம்மா. பெரியவர்கள் துணிய மாட்டார்கள். நான் பிடுங்குவேன். பெட்டி சாகும். கடிகாரம் கொஞ்சம் திகைத்துவிட்டு, இரண்டாவது பெட்டிக்குத் தாவி ஓடும்.

நாளை மறுநாள் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள். அவர்கள் வேண்டாமென்றால் தொழிலை மூடிவிட்டு அம்மா பக்கத்து நாட்டுக்கு, புவனோஸ் அய்ரஸுக்கு, வேலைக்குப் போவாள். நான் தூரத்தில், ரிவேராவில் சித்தி வீட்டில். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. எங்கள் சுவர் மெல்லியது.

ஆகஸ்ட் 13, புதன்

இந்த ஊர் ஆண்களுக்குக் கக்கத்தில் பிளாஸ்க் இல்லாவிட்டால் நடை வராது. மாமாவும் அப்படித்தான். மாத்தே என்ற இலைத் தேநீர் குடிக்க வெந்நீர். அம்மா மேலே கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தாள். மாமா ஒயரைக் கட்டக் குனிந்தார். பிளாஸ்க் மூடி திறந்திருந்தது. வெந்நீர் முழுக்க இரண்டாவது பெட்டிக்குள். 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நீ பார்க்கல. புரியுதா குட்டி?"

பிறகு தன் மடிக்கணினியை மேசைத் துணிக்கு அடியில் வைத்து, நீல ஒயரால் திரையோடு இணைத்தார். அதிலும் ஒரு கடிகாரம். இனி திரையில் தெரிவது அதுதான், பெட்டியில் ஓடுவதல்ல.

"நாளைக்கு நீ எப்பவும் போல கறுப்பு ஒயரைப் பிடுங்கு. நீலத்தைத் தொட்டுடாத. இதுல பொய் ஒண்ணுமில்ல. நேத்து நிஜமாவே ஓடிச்சுல்ல?"

"அம்மாகிட்ட?"

"உங்கம்மாவுக்கு நடிக்க வராது. மூஞ்சியே காட்டிக்குடுத்துடும்."

எனக்கு வரும் என்று இவருக்கு யார் சொன்னது?

நேற்று ஓடியது உண்மைதான். அப்படியானால் நாளை ஓடப்போவது என்ன? பயமாயிருக்கு. சொன்னாலும் அம்மா போயிடுவா. சொல்லலைன்னா — தெரியல.

ஆகஸ்ட் 14, வியாழன்

திரை அணைந்துவிட்டது. இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

"காய்ச்சல் போயிடுச்சா?" என்று கேட்டார் டீச்சர். போய்விட்டது என்றேன்.

நேற்று நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சென்யோரா எச்சேவெரி என்ற பெண் வந்தார். எதற்கும் சிரிக்காதவர். அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு என்னிடம் குனிந்து, "குறைமாசக் குழந்தைங்க வார்டுக் கணினியும் இதுலதான் ஓடப்போகுது. பார்த்துப் பிடுங்கு," என்றார்.

மேசைக்குப் பின்னால் மண்டியிட்டேன். கறுப்பும் நீலமும் பக்கம் பக்கமாக இருந்தன. மாமா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

திரை இருண்டது. கையில் நீலம்.

அம்மா பதறவில்லை. ஒயரின் மறுமுனையைத் தேடிக்கொண்டே வந்து துணியைத் தூக்கினாள். மடிக்கணினியைப் பார்த்தாள். இரண்டாவது பெட்டியைத் தொட்டாள், விரல் ஈரமாயிற்று. மாமாவைப் பார்க்கவேயில்லை.

"இன்னைக்கு உங்களுக்குக் காட்ட எங்ககிட்ட ஒண்ணுமில்ல, சென்யோரா. இது பொய்யான காட்சி," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எதிர் அரங்கில் யாரோ சிரித்தார்கள்.

"கை தவறிடுச்சும்மா," என்றேன். அவள் நம்பினாள். மாமா நம்பவில்லை.

கை தவறியதா?

ஆகஸ்ட் 18, திங்கள்

மாமா வேலைக்கு வரவில்லை. அம்மா சித்தியோடு ஃபோனில் பேசுகிறாள். ரிவேராவில் பள்ளி நல்ல பள்ளியாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று அந்தப் பெண்மணி எங்கள் பட்டறைக்கே வந்தார், தன் ஆஸ்பத்திரியின் பழைய பெட்டிகள் இரண்டோடு. "இதுல போடுங்க. இந்தத் தடவை நான் பிடுங்குறேன்."

அம்மா நிறுவினாள். அவர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். மேசைக்கு அடியிலும் பார்த்தார். பிறகு பிடுங்கினார். கடிகாரம் திகைத்தது. நீண்ட நேரம் திகைத்ததாகத் தோன்றியது. ஓடியது.

"திங்கள்கிழமையிலிருந்து ஆரம்பிங்க," என்றார். எழுந்துபோகும்போது என்னிடம், "அன்னைக்குத் தப்பான ஒயரைப் பிடுங்கினது நீதானே?"

"ஆமா."

"தப்பான ஒயர்தானா?"

அம்மா மாத்தேக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றது.

சாப்பிட்டதும் அறைக்குள் வந்துவிட்டேன். அம்மா கேட்டால் என்ன சொல்வது? முந்தின நாளே தெரியும் என்றா? தெரிந்தும் உன்னை எல்லார் முன்னாலும் நிற்க விட்டேன் என்றா?

நடையில் காலடிச் சத்தம். விளக்கை அணைக்கணும்.

தட்டுகிறார்கள். யார்? வீட்டில் அம்மாவைத் தவிர வேறு யாருமில்லை. அம்மா தட்டவே மாட்டாளே. தட்டிவிட்டு, திறக்காமல், வெளியிலேயே நிற்கிறாள்.